வாயைப் பொத்திய கை

அண்ணையின் உள்ளங்கை இன்னும் என் வாயின் மேல் இருக்கிறது. தியேட்டர் இருட்டில் வைத்த கை. யூதக் குடும்பம் ஒன்றைத் தன் வீட்டு நிலவறையில் ஒளித்துவைத்த பெண்ணைப் பற்றிய படம். திரையில் நாஜிப் படைவீரர்கள் கதவைத் தட்டினார்கள். எனக்குப் பயம் வந்தால் வாயில் ஜோக் வரும், பிறவிக் கோளாறு. "அண்ணை, என் பாப்கார்ன் சத்தத்துலயே கண்டுபிடிச்சிடுவானுங்க" என்று கிசுகிசுத்தேன். சட்டென்று பொத்தினார். விளையாட்டுக்குப் பொத்தும் கை அல்ல அது. வீரர்கள் திரும்பிப் போகும்வரை எடுக்கவில்லை. நானோ மூக்கால் மூச்சு விட்டபடி, ஆக்லாந்தில் பாப்கார்னோடு செத்தவன் என்று திருச்சிக்குச் செய்தி போவதைக் கற்பனை செய்துகொண்டிருந்தேன்.

அவர் கொழும்பில் வளர்ந்த யாழ்ப்பாணத்துக்காரர். எல்லர்ஸ்லியில் இருவருக்கும் ஒரே அலுவலகம். மவுண்ட் ஆல்பர்ட்டில் ஒன்றாக ரயிலேறுவோம். அவருடைய தமிழில் அண்ணா 'அண்ணை'; கிண்டல் செய்யத்தான் முதலில் அப்படிக் கூப்பிட்டேன். கிண்டல் எப்போது உதிர்ந்ததோ, அண்ணை மட்டும் நின்றுவிட்டார்.

படம் முடிந்து காரில் உட்கார்ந்தும் சாவியைப் போடாமல் இருந்தார். பிறகு சொன்னார். எண்பத்துமூன்று கலவரத்தின்போது அவருக்குப் பத்து வயது. பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண்மணி, அண்ணையின் வாயில் 'அன்ரி', இவர்கள் குடும்பத்தைத் தன் விறகறைக்குள் விட்டுப் பூட்டினார். கும்பல் வாசலுக்கு வந்தபோது, அப்பாவின் கை அண்ணையின் வாயைப் பொத்தியிருந்தது.

"ஒருத்தரும் இல்லையெண்டு அன்ரி சொன்னவ. அவங்கள் நம்பேல்ல. இடுப்பில இருந்த பிள்ளையின்ர தலையில கை வச்சுச் சத்தியம் பண்ணினவ, தம்பி. பொய்ச் சத்தியம். கதவிடுக்கால நான் பாத்தனான்."

கும்பல் போய்விட்டது. அந்தப் பிள்ளை வளர்ந்து, பட்டாளத்தில் சேர்ந்து, போரில் இறந்துபோனான். செய்தி எப்படியோ ஆக்லாந்துவரை வந்து சேர்ந்தது. பிள்ளை தலையில் அடித்த பொய்ச் சத்தியம் சும்மா விடாது என்ற பயம் சிங்களவர்களுக்கும் உண்டு, நமக்கும் உண்டு. அன்ரியின் தொலைபேசி எண்ணை யாரிடமோ வாங்கி, இரண்டு வருடமாகப் பர்சில் மடித்து வைத்திருந்தார் அண்ணை.

"என்னெண்டு கதைக்கிறது? நாங்கள் உயிரோட இருக்கிறம், உங்கட மகன் இல்லையெண்டோ?" என்றார். "வாற ஞாயிறு அன்ரிக்குக் கோல் எடுக்கப்போறன். நீர் பக்கத்தில இருந்தாக் காணும், வேற ஒண்டும் வேண்டாம்."

ஒருவர் என் முன்னால் அழுதால் எனக்கு எழுந்து ஓடத் தோன்றும். "இந்த ஞாயிறு ஹாமில்டன் போறேனே அண்ணை, அடுத்த வாரம் பண்ணலாமா?" என்றேன். ஹாமில்டனில் எனக்கு ஒரு நாய்கூடப் பழக்கமில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை சான்ட்ரிங்ஹாம் மளிகைக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது அண்ணை உள்ளே வந்தார். அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்துவிட்டேன். தொண்ணூறு கிலோ ஆள், கையில் முருங்கைக்காயோடு. உயிருக்குப் பயந்து ஒளிந்தவர்களின் கதையைக் கேட்டுவிட்டு, அந்தக் கதையைச் சொன்னவரிடமிருந்தே ஒளிந்தேன்.

அடுத்த ஞாயிறு அவர் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்தோம். மறுமுனையில் தொலைபேசியை எடுத்தவர் அன்ரியின் மகள். எனக்குச் சிங்களம் தெரியாது. அண்ணையின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பேசி முடித்துத் தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"அன்ரி வியாழக்கிழமை மோசம் போயிட்டாவாம்."

தேநீர்க் கோப்பையை என் பக்கம் நகர்த்திவிட்டு, "அந்த விறகறைப் பிள்ளையள் எங்கையாவது உயிரோட இருக்குதுகளோ எண்டு கடைசிமட்டும் கேட்டுக்கொண்டு இருந்தாவாம்" என்றார்.

போன ஞாயிறு அன்ரி உயிரோடு இருந்தார். அதை இருவருமே சொல்லவில்லை. "தேத்தண்ணி ஆறுது, குடியும்" என்றார் அண்ணை. அவர் ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் ஏதாவது ஜோக்கடித்துத் தப்பியிருப்பேன்.

அண்ணை இப்போது பிரிஸ்பேனில் இருக்கிறார். வாரம் தவறாமல் பேசுகிறோம். ஹாமில்டனைப் பற்றி மட்டும் நான் வாய் திறந்ததில்லை. சென்ற மாதம் அதே மாதிரி ஒரு படம் வந்தது. தனியாகப் போனேன். பக்கத்து இருக்கையில் என் கோட்டு கிடந்தது. வீரர்கள் கதவைத் தட்டினார்கள். வழக்கம்போல நாக்கு நுனிக்கு ஒரு ஜோக் வந்தது. என் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டேன். வீரர்கள் போய்விட்டார்கள். விளக்குப் போட்ட பிறகும் நான் கையை எடுக்கவில்லை.