கரையாத பொடி

ஆராய்ச்சி மாணவனாக விருத்தாசலத்துப் பீங்கான் ஆய்வுக்கூடத்துக்குப் போன நாட்களில், படிக அமைப்பைக் கண்டுபிடிக்கும் கம்ப்யூட்டர் புரோகிராமுக்கான எண்களை எனக்கு அடித்துத் தந்தவர் அங்கிருந்த ஊழியர் ஒருவர். மெலிந்த உடம்பு. கல் அரைக்கும் பிரிவில் வேலை பார்த்த அவரை, இருமல் முற்றியதால் இங்கே மாற்றியிருந்தார்கள். நான் சொல்லும் ஒவ்வொரு எண்ணையும் உரக்கத் திருப்பிச் சொன்ன பிறகே அடிப்பார்.

ஒருநாள், “இது எந்தப் பொடிங்க சார்?” என்று கேட்டார்.

“குவார்ட்ஸ். கல் அரைக்கும்போது பறக்குமே, அதுதான்.”

“என் நெஞ்சுலயும் அதான் இருக்குதுன்னு டாக்டரு சொன்னாங்க. கரையாதுங்களா?”

“கரையாது” என்றேன்.

விசைப்பலகைப் பக்கம் திரும்பினார். “சரிங்க, அடுத்த வரியச் சொல்லுங்க.”

அந்த ஃபைலில் ஒரு பிழைகூட இல்லை. மறுமுறை நான் போனபோது அவர் இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. கரையும் என்று சொல்லியிருக்கலாமோ என்று இன்றும் நினைக்கிறேன்.