எங்க சந்துக்கு நாங்களே மாட்டின போர்டு

இன்னைக்கு பௌர்ணமி. சாயங்காலம் நாலு மணியில இருந்து என் வீட்டு கேட்டைத் திறக்க முடியல. வெளியே அவ்ளோ ஜனம்.

தப்பு எங்க மேலதான்.

மூணு மாசமா சாக்கடை அள்ளல, தெருவிளக்கு எரியல. கவுன்சிலர்கிட்ட போனா, "கிரிவலப் பாதைன்னா உடனே செய்வாங்க. உங்களுது சந்து, நான் என்னங்க பண்றது?"ன்னாரு.

எதிர்வீட்டு பெயின்டர் பஷீர் பாய்தான் வழி சொன்னாரு. "நம்ம சந்து ரெண்டு முனையும் பாதையிலதானே சேருது? நாமளும் பாதைதான்னு போர்டு மாட்டிடலாங்க." அவரே எழுதி, அம்புக்குறியும் போட்டு, போன வாரம் மாட்டினாரு.

முந்தாநாள் நகராட்சி ஆளுங்க வந்து சாக்கடையை அள்ளி, லைட்டும் போட்டுட்டுப் போனாங்க!

இன்னைக்கு அம்புக்குறியைப் பார்த்து மொத்த கூட்டமும் உள்ள வந்துடுச்சு. இருக்கிற ஒரே குழாயில கால் கழுவுறாங்க. என் குடம் காலியா நிக்குது.

"பாய், கழட்டிடுங்க"ன்னு மாடியில இருந்து கத்தினேன்.

பக்கத்து வீட்டு சரோஜா அக்கா விடல. "கழட்டினா மறுபடியும் சாக்கடைதான். ஓட்டு போட்ட நமக்கு செய்யல, நடந்து போறவங்களுக்காவது செய்றாங்களே, இருக்கட்டும்."

பாய் எப்படியோ ஏணியோட கூட்டத்துல புகுந்து போனாரு. போன வேகத்துல திரும்பி வந்தாரு.

"போர்டுக்கு குங்குமம் வெச்சு, கீழ சூடம் ஏத்திட்டாங்க. இனிமே யாருங்க கை வைக்க முடியும்?"

உங்கள்ல யாருக்காவது தைரியம் இருந்தா வாங்க. ஏணி பாய் வீட்டுல இருக்கு. வழிக்கு அம்புக்குறி இருக்கு.