முன் இருக்கையில் நான், மிதித்தது பரமேஸ் அக்கா

மில்லிக்கனில் ஒரு பிளாசாக் கடையில் இடியப்பத்துக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது பரமேஸ் அக்காவின் மகன் கோபியின் அழைப்பு வந்தது. "அன்ரி, அம்மா போயிட்டா" என்றான். "எங்கை போனவ?" என்று கேட்டேன். ஊர் சுற்றுவதில் அவருக்கு இருந்த ஆசையை அறிந்தவர்கள் என்னை மன்னிப்பீர்கள். அந்தப் பக்கத்தில் கோபி அழத் தொடங்கிய பிறகுதான் எனக்கு விளங்கியது. முன்னால் நின்றவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் இடத்தை எனக்கு விட்டுத் தந்தார். இடியப்பத்தை வாங்கிக்கொண்டு காருக்குள் வந்து இருந்து அழுதேன்.

பரமேஸ்வரி அக்காவை அறிந்த உங்களுக்கு அவருடைய குணத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. இறுதிக்கிரியை மண்டபத்தில் பேசியவர்கள் எல்லோரும் அவரைப் பொறுமைசாலி என்றார்கள். யாரோ வேறு பரமேஸ்வரியை நினைத்துப் பேசினார்களோ தெரியாது. நான் அறிந்த பரமேஸ் அக்காவுக்குப் பொறுமை என்ற சாமான் கிடையாது. மிசிசாகாவில், விமானப் பயணிகளுக்கு உணவு கட்டும் சமையற்கூடத்தில் நாங்கள் இருவரும் ஒரே மேசையில் வேலை செய்தோம். எங்கள் பக்கத்திலிருந்து வேலைக்குப் போகும் பெண்கள் எல்லோரையும் தன் வான் வண்டியில் ஏற்றிப் போய், மாலையில் வாசலிலேயே இறக்கிவிடுவார். பனி கொட்டினாலும் அவருக்கு விடுமுறை இல்லை. "பயப்பிடுறவை பின்னுக்கு இருங்கோ. கதைக்கிறவை முன்னுக்கு வாங்கோ" என்பது அவருடைய வானின் சட்டம். நான் பயந்தவள், ஆனால் கதைகாரி. அதனால் அத்தனை வருடமும் முன் இருக்கையில் கண்ணை மூடிக்கொண்டு கதைத்தபடி வேலைக்குப் போனேன்.

ஓய்வு பெற்ற சில காலத்தில் அவருக்குக் கண் நரம்பு வாடத் தொடங்கியது. வெளிச்சம் தெரியும், உருவம் நிழலாகத் தெரியும், அவ்வளவுதான். கார் ஓட்டும் அனுமதி போய்விட்டது. பார்வை போனதை ஏற்றுக்கொண்ட மனுசி, ஸ்டியரிங் போனதைத்தான் ஏற்றுக்கொள்ளவில்லை. "என்னைப் பார்சல் மாதிரி ஏத்தி இறக்கினம், சுகந்தி. டொக்டரிட்டைக் குடுக்கினம், கோயிலிலை வைக்கினம், திருப்பி எடுக்கினம். கையெழுத்து ஒண்டுதான் வாங்கேல்லை" என்றார் ஒருநாள். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பகிடி சொல்லிவிட்டுச் சிரிக்காத பரமேஸ் அக்காவை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

அந்த நேரத்தில்தான் சபாநாதன் அண்ணையின் சைக்கிள் கூட்டம் நயாகராவுக்குப் போவதென்று முடிவு செய்தது. சனிக்கிழமைக் காலைகளில் பள்ளத்தாக்குப் பாதையில் சைக்கிள் ஓடும் எங்கள் ஆட்களைப் பார்த்திருப்பீர்கள். பாதிப்பேர் ஓய்வு பெற்றவர்கள், மீதிப்பேருக்கு டொக்டர் சொன்ன கொலஸ்ட்ரோல். திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே மூன்று நாள் சைக்கிள் ஓடுவது, வழியில் வைன் தோட்டங்களைப் பார்ப்பது, இரவில் ஒரு விடுதியில் தங்குவது என்பது திட்டம். அங்கே இருவர் ஓடும் சைக்கிளும் வாடகைக்கு இருக்கிறது என்று அண்ணை வாய் தவறிச் சொல்லிவிட்டார். "அப்ப நான் பின்னுக்கு இருந்து மிதிக்கிறன். நீங்கள் முன்னுக்கு இருந்து பாருங்கோ" என்றார் அக்கா. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடக் காலம் முழுவதும் சைக்கிளில் போனவர். கால் மறக்கவில்லை என்றார். மகன் கோபிக்கு மட்டும், அம்மா வானில் இருந்து காற்று வாங்கப் போகிறார் என்று சொல்லப்பட்டது. யார் சொன்னதென்று கேட்காதீர்கள். நான் வான் சாரதியாகவும் சாப்பாட்டுப் பொறுப்பாளராகவும்தான் போனேன். ஊரை விட்டு வந்தபின் சைக்கிளில் கால் வைத்ததில்லை, வைக்கும் எண்ணமும் இருக்கவில்லை.

இடம் பதிவு செய்தபோது ஒருவரும் கலண்டரைப் பார்க்கவில்லை. ஓட்டம் தொடங்கும் நாள் புரட்டாசிச் சனியாக அமைந்துவிட்டது. முந்தின நாள் இரவே விடுதியில் மாநாடு கூடியது. சனீஸ்வரனுக்கு விரதம் இருக்கும் நாளில் வைன் குடிக்கலாமா? ஆளுக்கொரு நியாயம் சொன்னார்கள். கடைசியில் அக்காதான் தீர்ப்புச் சொன்னார். "மச்சம் மாமிசம்தானே கூடாது. உது முந்திரிகைப் பழம். மரக்கறிக்குள்ளைதான் வரும்." திராட்சையை நாங்கள் ஊரில் முந்திரிகை என்றே சொல்லிப் பழகியவர்கள். அந்தப் பெயரில் சொன்னதும் வைன் சைவமாகிவிட்டது. எல்லோரும் நிம்மதியாகப் படுக்கப் போனார்கள்.

காலையில் சைக்கிள்களை எடுக்கப் போனோம். அங்கேதான் எங்கள் ஆட்களால் மட்டுமே செய்யக்கூடிய காரியம் ஒன்று நடந்தது. புதுக் கார் எடுத்தால் சில்லுக்குக் கீழே எலுமிச்சை, அதுதான் எங்கள் தேசிக்காய், வைத்து நசித்துவிட்டுத்தானே ஓடுவோம். சபாநாதன் அண்ணை எந்தக் காரியத்தையும் முறையாகச் செய்கிறவர். மில்லிக்கனிலிருந்தே ஒரு பை தேசிக்காய் கொண்டுவந்திருந்தார். சைக்கிள்கள் எல்லாவற்றின் முன் சில்லுக்கும் ஒவ்வொன்று வைத்தார். வாடகைக்குக் கொடுக்கும் வெள்ளைக்காரர் இது எதற்கென்று கேட்டார். "சேஃப்ரி" என்றார் அண்ணை, ஒரே சொல்லில். பிறகு இருவர் சைக்கிளில் தான் மட்டும் ஏறி, கம்பீரமாக ஒரு மிதி மிதித்தார்.

காரின் பாரம் வேறு, சைக்கிளின் பாரம் வேறு என்பது எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. சில்லு தேசிக்காயில் ஏறியது, தேசிக்காய் வழுக்கிக்கொண்டு வெளியே ஓடியது, அண்ணை ஒரு பக்கமும் அவ்வளவு நீளச் சைக்கிள் அவருக்கு மேலேயுமாக விழுந்தார்கள். ஒரே சத்தம். கண் தெரியாத அக்கா ஆவலோடு கேட்டார்: "என்ன, நசிஞ்சுதோ?"

"நசிஞ்சது அண்ணைதான் அக்கா" என்றேன்.

அண்ணையின் மணிக்கட்டு வீங்கிவிட்டது. எலும்புக்கு ஒன்றுமில்லை, ஆனால் ஹான்டிலைப் பிடிக்க முடியாது. மற்றவர்கள் தங்கள் சில்லுகளுக்குக் கீழே இருந்த தேசிக்காய்களைச் சத்தமில்லாமல் காலால் தள்ளிவிட்டார்கள். சிரிப்பு அடங்கிய பிறகுதான் அடுத்த கேள்வி வந்தது. அக்காவை யார் கொண்டு போவது? ஒருவருக்கு முழங்கால் சரியில்லை. இன்னொருவருக்கு இரண்டு பேர் சைக்கிளில் பழக்கமில்லை. எல்லோருக்கும் பொதுவாக ஒரு பயம் இருந்தது. ஏதும் நடந்தால் கோபிக்கு என்ன சொல்வது? ஆளாளுக்கு நிலத்தைப் பார்த்தார்கள். அக்காவுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். "சரி, நான் வானிலை இருக்கிறன். நீங்கள் ஓடுங்கோ பிள்ளையள்" என்றார்.

கையைப் பிடித்து வானில் ஏற்றினேன். தானே பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். நான் சாரதி இருக்கையில் ஏறித் திறப்பைப் போட்டு வானை ஸ்டார்ட் பண்ணிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். தலையில் ஹெல்மெட் அப்படியே இருந்தது.

"அக்கா, உதைக் கழட்டுங்கோவன்."

"கிடக்கட்டும்."

"வானுக்குள்ளை என்னத்துக்கு?"

"கிடக்கட்டும் எண்டு சொல்லுறன்."

அவர் முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். வெளியே பார்க்க அவருக்கு ஒன்றுமில்லை. என்னால் அதைத் தாங்க முடியவில்லை. வானை நிறுத்திவிட்டு இறங்கினேன். "வாங்கோ. விழுந்தால் ரெண்டு பேரும் விழுவம்" என்றேன். இவ்வளவு வேகமாக யாரும் சீட் பெல்ட்டைக் கழற்றி நான் கண்டதில்லை. சபாநாதன் அண்ணையின் மனைவி தன் சைக்கிளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வானை எடுத்தார். அவருடைய முகத்தில் தெரிந்த சந்தோசத்தைப் பார்த்தால், அந்தத் தேசிக்காய்களால் பலன் அடைந்தவர் அவர்தான்.

முதல் சில நிமிடங்கள் சைக்கிள் பாம்பு மாதிரித்தான் போனது. பின்னாலிருந்து கட்டளைகள் வந்துகொண்டிருந்தன. "நேராப் பார். தோளை இறுக்காதை. நீ வானிலை மாதிரிக் கண்ணை மூடிப்போட்டாய் எண்டால் ரெண்டு பேருக்கும் கண்ணில்லை." ஆற்றோரப் பாதைக்கு வந்ததும் சைக்கிள் நிதானமானது. ஒரு பக்கம் ஆறு, மற்றப் பக்கம் தோட்டம். அக்கா சும்மா வருவாரா? "வாய் எங்கை? என்ன தெரியுது, சொல்லு."

"முந்திரிகைத் தோட்டம் அக்கா."

"அது எனக்கும் தெரியும். பந்தலோ?"

"பந்தலில்லை. கம்பி வேலி கட்டி அதிலை விட்டிருக்கினம். இடுப்பளவிலை குலை தொங்குது. கறுப்பு."

"வலை போட்டிருக்கினமோ?"

"ஓம். வலைக்கு மேலை ஒரு குருவிக்கூட்டம் யோசிச்சுக்கொண்டு இருக்கு."

அக்கா அந்தக் குருவிகளுக்காகச் சிரித்த சிரிப்பில் சைக்கிள் ஆடியது. மதியம் வைன் தோட்டத்தில் ஒரு இளம்பெண் சின்னக் கிளாசுகளில் ஊற்றித் தந்து, இதில் பீச்சஸ் மணக்கும், இதில் ஈரக் கல் மணக்கும் என்று அழகாக விளக்கினாள். அக்கா மூக்கை உள்ளே விட்டுக் கனநேரம் மோந்தார். எல்லோரும் காத்திருந்தோம். "பழஞ்சோத்துத் தண்ணி" என்றார். நானும் மோந்து பார்த்தேன். ஐயோ, அதே மணம். கிளாசுகள் ஒவ்வொன்றாக மூக்குக்குப் போயின, ஒவ்வொருவரும் தலையாட்டினார்கள். அந்தப் பெண் என்ன விசயம் என்று கேட்டபோது, "மிகவும் உயர்ந்த பாராட்டு" என்று சபாநாதன் அண்ணை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அக்கா இரண்டாவது கிளாசும் கேட்டு வாங்கினார்.

பின்னேரம்தான் மலைச் சரிவு வந்தது. பாதை தோட்டங்களை விட்டு மேலே ஏறத் தொடங்கியது. எனக்கு மூச்சு முட்டியது. "அக்கா, இறங்கித் தள்ளுவம்" என்றேன். "நீ ஹான்டிலைப் பிடி. மற்றது என்ரை வேலை" என்றார். பாதி ஏற்றத்தில் என் கால்கள் செத்துவிட்டன. பெடலில் வெறுமனே வைத்திருந்தேன். பெடல் சுழல, காலும் சேர்ந்து சுழன்றது. ஆனால் சைக்கிள் நிற்கவில்லை. மெதுவாக, ஒரே சீராக ஏறிக்கொண்டே இருந்தது. பின்னால் அவருடைய மூச்சு மட்டும் கேட்டது. உச்சியில் நிறுத்தியபோது அவர் முகம் வேர்த்து, சிவந்து, அப்படி ஒரு அழகாக இருந்தது. கீழே ஆறும் தோட்டங்களும் கிடந்த விதத்தை அவருக்கு நான் சொல்லச் சொல்ல, அவர் ஒவ்வொன்றுக்கும் "ஓம், ஓம்" என்றார், தானே கட்டிய வீட்டைச் சுற்றிக் காட்டுகிறவர் போல.

உச்சியில் நாங்கள் சைக்கிளோடு நின்றதை யாரோ படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். இருட்டுவதற்கு முன்பே கோபி விடுதிக்கு வந்து நின்றான். கார்க் கதவைக்கூடச் சாத்தவில்லை. "அன்ரி, ஆர் யூ சீரியஸ்? அம்மாவுக்கு ஏதும் நடந்திருந்தால்? ஷீ கான்ற் சீ!" அவன் கேட்டதில் பிழையில்லை. அக்கா குரல் வந்த பக்கம் திரும்பினார்.

"கோபி, இஞ்சை வா. என்ரை காலைத் தொட்டுப் பார்."

அவன் குனிந்து தொட்டான். கெண்டைக்கால் இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.

"கண்தான் போனது. இது போகேல்லை. எத்தினை நாளைக்குப்பிறகு ஒரு இடத்துக்கு நானாப் போய் இறங்கினனான் தெரியுமோ? நாளைக்கும் ஓடப்போறன். நீ விரும்பினால் நிண்டு பார்."

அவன் அம்மாவின் காலைப் பிடித்தபடியே நிலத்தில் குந்திவிட்டான். மறுநாள் தெருவில் எங்கள் சைக்கிளுக்குப் பின்னால், எச்சரிக்கை விளக்குகள் எரிய, நடை வேகத்தில் அவனுடைய கார் முழுத் தூரமும் வந்தது. வழியில் நின்றவர்கள் ஏதோ ஊர்வலமாக்கும் என்று கை காட்டினார்கள். "அக்கா, கை காட்டுகினம்" என்றேன். அவர் அரசியைப் போல இரண்டு பக்கமும் கை காட்டிக்கொண்டு வந்தார்.

அடுத்த வசந்தத்தில் கோபியே ஒரு பழைய இருவர் சைக்கிளைத் தேடி வாங்கி வந்தான். அதன் பிறகு எல்லாக் கோடைகளிலும் நாங்கள் ஓடினோம். சில நாள் முன்னால் நான், சில நாள் கோபி. இந்தக் குளிர்காலத்தில் அவருடைய இதயம் களைத்துப்போனது. படுக்கையிலும் பாதை திறந்துவிட்டதா, பனி கரைந்துவிட்டதா என்றுதான் கேட்டாராம்.

மண்டபத்தில் ஒரு அம்மா என் கையைப் பிடித்து, "நீங்கள்தானே கண் தெரியாத அவவை நயாகராவிலை ஏத்திக்கொண்டு போன சுகந்தி? பெரிய புண்ணியம்" என்றார். பக்கத்தில் நின்ற கோபி மறித்தான். "நோ நோ. அம்மா எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிஞ்சவ. 'மலை ஏத்தத்திலை சுகந்தி மிதிக்கேல்லை, நான்தான் அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்தனான்' எண்டு."

இத்தனை கோடையும் அக்காவுக்கு அது தெரியாது என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் மிதிக்காததைத் தன் கால்களால் அறிந்து, என் பாரத்தையும் சேர்த்து மிதித்து, அந்தச் சந்தோசத்தை மனுசி தனக்கென்று வைத்திருந்திருக்கிறார்.

கோபி அந்தச் சைக்கிளை எனக்குத் தரப் பார்த்தான். வேண்டாம், உன் பிள்ளைகளுக்கு வை என்றேன். எனக்கு அந்த ஏற்றம் போதும். என் கால்கள் சும்மா சுழல, பரமேஸ் அக்கா என்னை மேலே கொண்டுபோய்ச் சேர்த்தார்.