கிறிஸ்துராஜ் விற்ற நாலாவது டிஸ்க்

திண்டுக்கல்லில் பழைய கம்ப்யூட்டர் சாமான் வாங்குகிறவர்கள் கிறிஸ்துராஜ் கடைக்குக் கடைசியில்தான் வருவார்கள். முதலில் நாலு கடையில் விலை கேட்பார்கள், பிறகு போனில் தேடுவார்கள், சிலர் அங்கேயே வாங்கி ஏமாந்தும் முடிப்பார்கள். அதற்கப்புறம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற அந்தப் பத்துக்குப் பத்து கடையில் வந்து, "அண்ணே, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று நிற்பார்கள். அவர் பார்ப்பார். பார்த்துவிட்டுச் சும்மாவும் இருக்கமாட்டார். "மேல ரெண்டு டிபின்னு போட்டிருக்கான். உள்ள அறுபத்திநாலு ஜிபி மெமரி கார்டை ஒட்டி வச்சிருக்கான். புதுசு போடப் போட பழசு அழிஞ்சுக்கிட்டே போகும் அப்பு. இம்புட்டு வெலைக்கு எவன்டா ரெண்டு டிபி குடுப்பான்?" என்று கடை அதிரச் சிரிப்பார்.

வயது நாற்பத்தாறு. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் மூன்று கம்ப்யூட்டரைப் பழுது பார்க்கப் போனவர், அங்கேயே தொழிலைக் கற்றுக்கொண்டு சொந்தக் கடை போட்டார். சோதிக்காமல் ஒரு சாமானும் விற்றதில்லை என்பதில் அவருக்குப் பெருமை கொஞ்சம் தூக்கல்தான். பெண் பார்க்க வந்த அன்றே தன் சர்டிபிகேட் நம்பரையும் சரிபார்த்திருப்பார், அப்பா பக்கத்தில் இருந்ததால் விட்டுவிட்டார் என்று மனைவி லிடியா கேலி செய்வார்.

பெருமைக்குக் காரணமும் இருந்தது. பழைய ஹார்ட் டிஸ்க் வியாபாரம் அவ்வளவு தில்லாலங்கடி. எங்கேயோ ஆபீசில் வருஷக்கணக்காக ஓடிக் களைத்த டிஸ்க்கைத் துடைத்து, புது லேபிள் ஒட்டி, ஓடிய நேரத்தைப் பூஜ்ஜியமாக்கிப் புத்தம்புதுசு என்று அனுப்பிவிடுவார்கள். கிறிஸ்துராஜ் முதலில் திருகாணியில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பார். லேபிளில் உள்ள நம்பரும் கம்ப்யூட்டரில் மாட்டினால் தெரிகிற நம்பரும் ஒன்றா என்று பார்ப்பார். சில டிஸ்க்குகள் ஓடிய நேரத்தை உள்ளே இன்னொரு இடத்திலும் எழுதி வைத்திருக்கும். அதைத் துடைக்கப் பல பேருக்குத் தெரியாது. அவர் அதையும் திறந்து பார்ப்பார். அதோடு முழு டிஸ்க்கிலும் எழுதி, திரும்பப் படித்து, ஒரு பகல் முழுக்க ஓடவிட்ட பிறகுதான் விற்பார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மட்டும் விட்டுவிட்டார்.

குஜிலியம்பாறைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பால் சொசைட்டிச் செயலாளர் பொன்னழகு வந்திருந்தார். பால் அளக்கிற மேசைக்கு மேலே கேமரா வைத்திருந்தார்கள். அதன் ரெக்கார்டருக்கு ஒரு டிஸ்க் வேண்டும். அன்று காலைதான் பார்சலில் நாலு டிஸ்க் வந்திருந்தது. மூன்றை ஏற்கெனவே ஒரு கல்யாண மண்டபத்துக்குச் சொல்லியாயிற்று. நாலாவதை மாட்டிப் பார்த்தார். வெளிக்கணக்கில் பூஜ்ஜியம். உள்ளே திறந்தால் முப்பத்தெட்டாயிரம் மணி நேரம். நாலு வருஷத்துக்கு மேல் ராத்திரி பகலாக ஓடிய டிஸ்க்.

"தம்பி, பஸ்ஸுக்கு நேரமாச்சு. குடுத்தா நான் போயிருவேன்" என்றார் பொன்னழகு.

நாளைக்கு வாங்க என்று சொல்லியிருக்கலாம். பழசு என்றாவது சொல்லியிருக்கலாம். பொன்னழகு நாற்பது கிலோமீட்டர் தாண்டி வந்தவர், வெறுங்கையோடு அனுப்பச் சங்கடமாக இருந்தது. எத்தனையோ பழைய டிஸ்க் நன்றாக ஓடுகிறதே என்றும் தோன்றியது. "புதுசு மாதிரிதாண்ணே" என்று கொடுத்துவிட்டார். அந்த 'மாதிரி' என்ற ஒரு சொல்லில் தன் மனசாட்சியை உட்காரவைத்துக்கொண்டார்.

மூன்று மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை காலை போன் வந்தது. சொசைட்டியிலிருந்து டெய்ரிக்குப் போன கேனில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று ஊர்ப்பால் மொத்தத்தையும் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். யார் கலந்தது என்று கேமராவைப் பார்த்தால், பதினோரு நாளாக ஒன்றுமே பதிவாகவில்லை. திரையில் படம் ஓடிக்கொண்டுதான் இருந்தது, அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ரெக்கார்டர் இருக்கும் அறையின் சாவி, பால் அளக்கிற கௌசல்யாவிடம்.

"டிஸ்க் கோளாறா தம்பி, இல்ல யாராச்சும் ஆப் பண்ணியிருப்பாகளா?" என்றார் பொன்னழகு.

கேட்ட நொடியிலேயே கிறிஸ்துராஜுக்கு அந்த முப்பத்தெட்டாயிரம் கண்ணில் வந்து நின்றது. கடையில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். "ரெண்டும் இருக்கலாம்ணே" என்றார்.

பத்து நாள் கழித்து பொன்னழகு டிஸ்க்கை ஒரு மஞ்சப்பையில் போட்டுக் கொண்டுவந்தார். மாட்டியதும் டக் டக்கென்று அடித்துக்கொண்டு நின்றுபோனது. அந்தச் சத்தம் டிஸ்க் தானாகவே செத்ததற்கு அடையாளம் என்று கிறிஸ்துராஜுக்கு மட்டும்தான் தெரியும். கௌசல்யாவை வேலையை விட்டு நிறுத்திவிட்டோம் என்றார் பொன்னழகு. "அவதான் கேமராவ நிறுத்திட்டு தெனமும் கலந்திருக்கான்னு ஊரே பேசுது. புருசன் இல்லாத பொண்ணு. பாவந்தான், என்ன பண்றது?"

கிறிஸ்துராஜ் அலமாரியிலிருந்து நல்ல டிஸ்க் ஒன்றை எடுத்து, காசு வேண்டாம் என்று கையில் திணித்தார். "உன்னைய மாதிரி ஒரு ஆளு இந்தக் காலத்துல கெடைக்குமா தம்பி" என்று பொன்னழகு அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அன்று மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தவர் அப்படியே மூடிவைத்தார். தன்மேல் அவருக்கே அருவருப்பாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலப் பூசைக்குக் கிளம்பும்போது லிடியாவிடம் நடந்ததைச் சொல்லிவிட்டார். பூசைக்கு முன்னால் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் பண்ணப்போகிறேன் என்றும் சொன்னார். லிடியா சேலை மடிப்பைச் சரிசெய்தபடி கேட்டார். "ஏங்க, சாமியார்கிட்ட நீங்க சொல்லிருவீங்க. அந்தப் பொண்ணுகிட்ட யாரு சொல்றது?"

அன்று அவர் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகவில்லை. நேராக பைக்கை எடுத்தார். வேடசந்தூர் தாண்டியதும் இரண்டு தடவை வண்டியை ஓரங்கட்டினார். நாளைக்குப் போனில் சொல்லிக்கொள்ளலாமா என்று யோசித்தார். கடையின் பேர் என்னாகும் என்றும் யோசித்தார். பிறகு தன்னையே ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிக்கொண்டு கிளம்பினார்.

போய்ச் சேர்ந்தபோது சாயங்காலப் பாலுக்குத் தூக்குவாளியும் கேனுமாகச் சனம் வரிசையில் நின்றது. பொன்னழகிடம் தனியாகச் சொல்லிவிட்டுப் போய்விடலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் வரிசை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். "நான் வித்தது பழைய டிஸ்க். தெரிஞ்சேதான் வித்தேன். கேமராவை யாரும் நிறுத்தல, டிஸ்க்தான் செத்துப்போச்சு. அது எந்தத் தேதியில நின்னுச்சோ அன்னையிலருந்துதான் உங்களுக்கு ஒண்ணும் பதியல. அந்தப் பொண்ணு மேல பழி போடாதீங்க." ஒருவர் அவரைத் தாயைச் சேர்த்துத் திட்டினார். கிறிஸ்துராஜ் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். பொன்னழகு கௌசல்யாவுக்கு ஆள் அனுப்பினார்.

அவள் நாலு வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. நாளைக் காலையிலிருந்து நீயே பால் அள என்று பொன்னழகு சொன்னதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள். கிறிஸ்துராஜ் கை கூப்பினார். "என்னைய மன்னிச்சிரும்மா" என்றார்.

"நீங்க வந்து சொன்னதே பெருசுண்ணே" என்றாள் அவள். மகளை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு கேட்டாள். "ரெண்டும் இருக்கலாம்னு போன்ல சொன்னது நீங்கதானா?"

"ஆமாம்மா."

"அன்னைக்குச் சாயந்தரம் கோயில் வாசல்ல வச்சு, தப்பு பண்ணலைன்னா பிள்ளை தலையில கை வச்சு சத்தியம் பண்ணுன்னாக. பண்ணுனேன். நான் தண்ணியும் கலக்கல, கேமராவையும் தொடல. ஆனா அன்னையிலருந்து இவளுக்குக் காய்ச்சல் வந்துருமோ, என்னமும் ஆயிருமோன்னு தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டேதாண்ணே இருக்கேன். தப்புப் பண்ணாதவளுக்கு எதுக்குண்ணே இந்தப் பயம்?"

கேட்டுக்கொண்டே அவள் பிள்ளையின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.