தனசேகரன் வாங்காத சவரக்கத்தி

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதாம் வகுப்பில் இருந்தேன். தனசேகரன் மனைவி கலாவதியின் தம்பி போன் செய்தார். "சார், மச்சான் போயிட்டாக" என்றார். பிள்ளைகளை எழுதச் சொல்லிவிட்டு வெளியே வந்து தண்ணீர்க் குழாயடியில் நின்றேன். வருமென்று தெரிந்த சேதிதான். தெரிந்திருந்து என்ன புண்ணியம்?

கணக்கு வாத்தியார் தனசேகரனை அறிந்த உங்களுக்காக இதை எழுதுகிறேன். இரங்கல் கூட்டத்தில் ஆளாளுக்கு அவர் பாடம் நடத்திய அழகைச் சொன்னீர்கள். என்னைக் கூப்பிட்டபோது தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். தொண்டைக்கு ஒரு கேடும் இல்லை.

அவருக்குப் பழைய சவரக்கத்திக் கிறுக்கு இருந்தது உங்களில் பலருக்குத் தெரியாது. அந்தக் காலத்து மடக்குக் கத்தி. மலைமேல் எஸ்டேட் பங்களாக்களில் கழித்துக் கட்டும் சாமான்கள் ஜீப்பில் கம்பத்துக்கு இறங்கும். அங்கே பழைய சாமான் கடை வைத்திருக்கும் பாய், கத்தி ஏதும் வந்தால் இவருக்குச் சொல்லிவிடுவார். சனிக்கிழமை இருவரும் பஸ் ஏறுவோம். முதுகு கோணியிருக்கிறதா என்று கண்ணாடி மேல் வைத்துப் பார்ப்பார். கத்தியின் வாயை, அந்த வெட்டும் ஓரத்தை, லென்ஸ் வைத்துப் பார்ப்பார். மேலே எவ்வளவு துரு ஏறியிருந்தாலும் கவலைப்பட மாட்டார், தேய்த்து எடுத்துவிடலாம். வாயில் மட்டும் துரு அரித்திருக்கக் கூடாது. "வாயில குழி விழுந்துட்டா அது வெறும் தகரம்யா. அதுகிட்டப் போயி மூஞ்சியக் குடுக்கலாமா?" என்பார். பத்துப் பார்த்தால் ஒன்று வாங்குவார். நான் நேர் எதிர். எதைக் காட்டினாலும் "வாங்கிப் போடுய்யா" என்பேன். "ஏ தமிழய்யா, உன்னைய விட்டா கடையில இருக்குற துரு பூராத்தையும் வீட்டுக்குக் கொண்டாந்துருவ" என்று பாய் முன்னாலேயே கிண்டலடிப்பார்.

என் மகள் கல்யாணத்தன்று காலையில் அவர்தான் எனக்குச் சவரம் செய்துவிட்டார். இரண்டு மாதம் இழைத்துச் சரிபண்ணிய கத்தி. நான் பயந்து நெளிந்தேன். "ஆடாத. ஆடுன, மாப்பிள்ளைக்கு மாமனார் இல்ல" என்றார். கன்னத்தில் பூ விழுந்ததுபோல் இருந்தது.

கோடை லீவு முடிந்து வந்தவர் மஞ்சளாக இருந்தார். ஈரல். மதுரைக்குக் கூட்டிப் போனோம். டாக்டர் கலாவதியையும் என்னையும் வெளியே அழைத்து, ஒரு மாதம் தாங்கினால் பெரிது என்றார். அவரிடம் சொல்ல எங்கள் இருவருக்கும் துணிச்சல் வரவில்லை. ஈரல் வீங்கியிருக்கிறது, மருந்தில் சரியாகிவிடும் என்று சொல்லி வீட்டுக்கு அழைத்து வந்தோம்.

வந்த மூன்றாம் நாள் பாயிடமிருந்து ஒரு கத்தியின் படம் வந்தது. கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். எத்தனையோ நாளைக்குப் பிறகு முகத்தில் ஒரு களை. "என்னால வர முடியாது. நீ போய்ப் பாத்துட்டு வா. வாயி சுத்தமா இருந்தா வாங்கிரு. ரெண்டு மாசத்துல முடிச்சுருவேன்" என்றார். வாசலில் கலாவதி என்னை நிறுத்தினார். "அண்ணே, வாங்கிட்டு வந்துராதீக. லேசாக் கீறினாலே ரத்தம் நிக்காதுன்னு டாக்டர் சொல்லிருக்காரு. அவுக கை நடுங்குறதப் பாத்தீகள்ல?"

கம்பத்தில் அந்தக் கத்தியைக் கையில் வாங்கினேன். பிடி உடைந்திருந்தது, முதுகெல்லாம் துரு. வாய் மட்டும் அவ்வளவு சுத்தம். பத்து வருடத்தில் அதைப்போல் ஒன்றை நாங்கள் பார்த்ததில்லை. வாங்கினால் இழைக்கிற வேலை பாதியில் நிற்கும், ரத்தம் வேறு. வாங்காவிட்டால் அவர் எழுந்து உட்கார இருந்த ஒரே காரணமும் போகும். ஐயோ, யாரிடம் போய்க் கேட்பேன்? பாய் டீ வாங்கிக் கொடுத்தார், குடிக்க முடியவில்லை. கத்தியை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

"வாயில துரு. வேண்டாம்யா" என்று அவரிடம் சொன்னேன்.

"எத்தனை எடத்துல?"

"மூணு."

என்னையே பார்த்தார். "சரி, விடு. அடுத்த மாசம் வேற வரும்" என்றார். தப்பித்தோம் என்று நினைத்தேன், பாவி. அதன்பிறகு பத்தொன்பது நாள், தினமும் பள்ளி விட்டதும் அங்கே போனேன். அவரும் அடுத்த மாதத்தைப் பற்றியே பேசினார், என்னைக் கிண்டலடித்தார், சிரித்தார்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் பாய் வந்திருந்தார். பந்தலுக்கு வெளியே என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நீங்க வந்துட்டுப் போன அன்னைக்குச் சாயங்காலமே சார் போன் பண்ணாக. வாயில துருவா பாய்னு கேட்டாக. சுத்தமா இருக்கு சார்னு நெசத்தச் சொல்லிட்டேன். பெறகு, 'எதக் காட்டினாலும் வாங்கு வாங்கும்பான். அவனே வேண்டாங்குறான். அப்ப எனக்கு நாள் இல்ல பாய்'னாக. இதக் கேட்டேன்னு தமிழய்யாகிட்டச் சொல்லிராதீக, தாங்க மாட்டான்னாக."

டாக்டர் சொல்லாததை, நாங்கள் மூடி மூடி வைத்ததை, நானே கொண்டுபோய் அவரிடம் சொல்லியிருக்கிறேன். நாங்கள் நேராகச் சொல்லியிருந்தால் கலாவதியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு மூச்சு அழுதிருப்பார். எதை எப்படிச் செய்யவேண்டும் என்று சொல்லியிருப்பார். அதற்குக்கூட நான் இடம் வைக்கவில்லை. எனக்காக அவர் சிரித்தார். அந்தக் கத்தி இன்னும் விலைபோகாமல் கடையில்தான் கிடக்கிறது. அதை வாங்க எனக்கு யோக்கியதை இல்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தப் பத்தொன்பது நாள் சிரிப்பு ஒன்றுதான். அதைச் சுமக்க எனக்குத் தெம்பில்லை.

கலாவதி, தங்கச்சி, இதைப் படித்துத்தான் உனக்கே தெரியப்போகிறது. உன் வீட்டுக்காரர் தெரியாமல் போகவில்லையம்மா. எல்லாம் தெரிந்து, நம் இருவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே, தனியாகப் போனார்.