பெட்டி நுழையாத வாசல்

1986இல் ஜெர்மனியில், கார்ல்ஸ்ரூஹே நகருக்கு அருகே, போர்வீரர் கல்லறையில் சருகு கூட்டும் வேலையை அகதி முகாமிலிருந்த மரியசீலனுக்குக் கொடுத்தார்கள். மன்னாரில் அவர் மேசன். ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்கு வாசல் கட்டியவரும் அவரே. அன்று தம்பி அருளப்பனும் மூன்று பேரும் வெறும் சவப்பெட்டியைத் தோளில் தூக்கி நிற்க, அதற்குமேல் இரண்டு சாண் விட்டு வளைவு வைத்தார். பெட்டிக்கடியில் நின்று தம்பி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

இங்கே சிவப்புக்கல் வாசல், குனிந்து நுழையும் அளவுக்குத் தாழ்ந்திருந்தது.

“மேசனண்ணை, கூட்ட வந்தனியளோ, அளக்க வந்தனியளோ?” என்றாள் அதே முகாமிலிருந்து வந்து கூட வேலை செய்த டொறத்தி.

“இதுக்குள்ளால பெட்டியைத் தோளில கொண்டுபோக ஏலாது, பிள்ளை.”

“இஞ்ச கனபேருக்குப் பெட்டியே இல்லையாம். சுவரில பேர் மட்டுந்தான்.”

மரியசீலன் குனிந்து நுழைந்தார். உள்சுவர் முழுக்கப் பெயர்கள். அடுத்தவன் நாட்டைப் பிடிக்கப் போனவனுக்கும் கல்லில் பெயர் இருக்கிறது. மீன்பிடிக்கப் போன இடத்தில் சிப்பாய்கள் கொண்டுபோன அருளப்பனுக்கு ஒரு தாளில்கூட இல்லை. அடக்கம் செய்ய உடல் வரட்டும் என்று இரண்டு வருடமாகக் குடும்பம் காத்திருந்தது.

அன்று மாலையே ஊர்ப் பங்குச் சுவாமியாருக்குக் கடிதம் எழுதினார்: “நான் கட்டின வாசலின் இடப்பக்கத் தூணில், தோள் உயரத்தில், தம்பியின் பெயரை வெட்டுவியுங்கோ. அவன் பெட்டி பிடிச்சு நின்ற பக்கம் அதுதான்.”