அப்பா பேசிய கேசட்

பெங்களூரில் இருக்கும் மகள் போனில் பேசி அனுப்பியிருந்ததை வேங்கிக்கால் வீட்டில் உட்கார்ந்து கேட்டேன். "ஏம்மா, நான் இவ்ளோ பேசி அனுப்புறேன். நீயும் பதில் பேசி அனுப்பக் கூடாதா?"

எனக்கு அதில் பேசப் பயம்.

நான் சின்னப் பெண்ணாக கீழ்பென்னாத்தூரில் இருந்தபோது, துபாயிலிருந்து அப்பா கேசட்டில் பேசி அனுப்புவார். எதிர்வீட்டு டேப்ரெக்கார்டரில் போட்டுக் கேட்போம். "கண்ணு, அம்மாகிட்ட சண்டை போடாத"ன்னு அப்பா சொன்னதும் வெட்கத்தில் கதவுக்குப் பின்னால் ஓடிவிடுவேன். அப்புறம் அதே கேசட்டில் அம்மா பதில் பேசுவாள். "இங்க மழை ஜாஸ்திங்க"ன்னு அவள் சொல்லச் சொல்ல, உள்ளே அப்பா அழிந்துகொண்டே இருப்பார். அந்த ஒரே கேசட்தான் போகும், வரும். அப்பா குரல் கொஞ்சம்கூட மிஞ்சவில்லை.

மகளைக் கூப்பிட்டேன். "நான் பேசினா நீ பேசினது அழிஞ்சிடாதாடி?"

"போம்மா, நீ வேற! ரெண்டும் இருக்கும்" என்று சிரித்தாள்.

ரெண்டும் எங்கே இருக்கும்? எனக்குப் புரியவில்லை. மைக் படத்தை அழுத்தி, "சாப்டியா?"ன்னு மட்டும் கேட்டு அனுப்பினேன். உடனே அவள் பேசினதைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

"ஏம்மா" என்று மறுபடியும் திட்டினாள். எப்படி என்று தெரியவில்லை, இருந்தாள்.